ஒதெட் மறைக்காத பாதி

எங்கள் ஊரான கெனித்ராவில் கார்களுக்கு வயர் கட்டும் வெளிநாட்டுத் தொழிற்சாலை திறந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அதுவரை மீன் பதப்படுத்தும் ஆலையில் மத்தி மீனுக்குத் தலை நறுக்கிக்கொண்டிருந்தேன். பயிற்சி தர போர்ச்சுகலிலிருந்து வந்த ஒதெட் என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

வயர் நுனியில் பித்தளை முனையை மெஷின் அழுத்திப் பதிக்கும். அழுத்தம் மயிரிழை கூடினால் செம்பு இழை அறுந்துவிடும். குறைந்தால் முனை கழன்றுவிடும். அந்த அளவை வைப்பது வெளிநாட்டு டெக்னீஷியன்களின் வேலை. நாங்கள் பெடலை மிதித்தால் போதும். ஆனால் ஒதெட் மதிய இடைவேளைகளில் மெஷின் மூடியைக் கழற்றி எனக்கு எல்லாம் காட்டினாள்.

"இதெல்லாம் எனக்கு எதுக்கும்மா?"

"எதுக்குன்னு தெரியாம மிதிச்சா கால்தான் வலிக்கும், லல்லா கிஸ்லான்." பெண்களை நாங்கள் மரியாதையாக அழைக்கும் 'லல்லா'வை அதற்குள் கற்றிருந்தாள்.

மெஷின்களில் போர்ச்சுகீசிய ஸ்டிக்கர்கள் இருந்தன. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"எங்க ஃபேக்டரி மெஷின்தான். போன வருஷம் அந்த லைனை மூடிட்டாங்க" என்றாள்.

"எங்களாலதான உங்க வேலை போச்சு? அப்புறமும் ஒண்ணு விடாம சொல்லித் தர்றியே."

அவள் ரொட்டியைப் பிய்த்தாள். "எனக்குச் சொல்லித் தந்தவர் பாதியை மறைச்சுட்டார். அந்தப் பாதியைக் கண்டுபிடிக்க ஆறு வருஷம் ஆச்சு. உங்களுக்கும் ஆறு வருஷம் வீணாகணுமா?"

அவள் ஊர் திரும்பிய அடுத்த வசந்தத்தில் மூன்றாம் மெஷினில் முனைகள் கழன்று வரத் தொடங்கின. டெக்னீஷியன் வர இரண்டு நாளாகும். மாலைக்குள் லாரி கிளம்பியாக வேண்டும். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

சூப்பர்வைசர் புவாஸா குறுக்கே நின்றார். "தொடாதீங்க லல்லா, உங்க வேலை போயிடும்."

"லாரி போகலைன்னா உங்களுதும் போகும். நகருங்க."

மூடியைக் கழற்றினேன். அளந்து, திருகி, மறுபடி அளந்தேன். இருபது வயர்களை இழுத்துப் பார்த்தோம், ஒன்றுகூடக் கழலவில்லை. லாரி நேரத்துக்குக் கிளம்பியது. புவாஸாவே மேலிடத்தில் எனக்காகப் பேசினார். அடுத்த மாதம் அளவு வைக்கும் பயிற்சிக்கு எங்களில் ஆறு பெண்களைச் சேர்த்தார்கள்.

அவர்களில் இருவரோடு இப்போது சொந்தப் பட்டறை நடத்துகிறேன். ஸ்ட்ராபெரித் தோட்டங்களின் பம்புகளுக்கு வயர் கட்டுகிறோம். பதினொரு பெண்கள் வேலை செய்கிறார்கள். எல்லோருக்கும் மெஷினைப் பிரித்துப் பூட்டத் தெரியும்.

போன கோடையில் ஒதெட் மகளோடு வந்தாள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் ஆவியில் வேகவைக்கும் கோதுமை ரவை கூஸ்கூஸ் சாப்பிட்டாள். புறப்படும்போது நன்றி சொல்ல வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "போதும் லல்லா, பஸ் போயிடும்" என்றாள்.