பதினோராவது ஜாடி

ரோடா என் சித்தி மகள். ஏரி வெள்ளைமீனைப் புகைபோட்டு, ஜாடியில் அடைத்து விற்க வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் க்ரீ பழங்குடிச் சனத்தின் நிர்வாகமான பேண்ட் ஆபீஸ் நடத்திய தொழில் பயிற்சியில் நாங்கள் இருவருமே சேர்ந்திருந்தோம். அவள் மீனுக்காக, நான் பாசிமணி வேலைக்காக. ஆளுக்கொரு வழிகாட்டி உண்டு. ஏற்கெனவே தொழில் நடத்தும் நம் சனம்தான். ரோடாவுக்கு வாய்த்தவள் க்ளாடெட் மொரின். பிரின்ஸ் ஆல்பர்ட் நகரத்தில் ஜாம் போடுகிறவள். "நான் வந்து பாக்கிற வரைக்கும் ஒரு ஜாடிகூட வெளிய போகக் கூடாது" என்று போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ரோடாவுக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை ஹாக்கிப் போட்டியில் பதினொரு ஜாடிகளை விற்றுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை க்ளாடெட் வந்து, அழுத்தம் அளக்கும் தன் கருவியை ரோடாவின் பெரிய பிரஷர் குக்கரில் பொருத்திப் பார்த்தாள். குக்கரின் முள் பதினொன்றில் நின்றது. அவள் கருவி காட்டிய உண்மையான அழுத்தமோ ஏழுதான்.

"இதுல செஞ்சதை யாருக்காவது குடுத்தியா?"

ரோடா குக்கர் மூடியைத் துடைக்கத் தொடங்கினாள். நான்தான் சொன்னேன்.

க்ளாடெட் திட்டியிருந்தால் தேவலை. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு மெல்ல உட்கார்ந்தாள். "சூடு பத்தலைன்னா உள்ள விஷம் வளரும். நாத்தம் வராது, ருசியும் மாறாது. முதல்ல பார்வை ரெண்டாத் தெரியும். அப்புறம் நாக்கு குழறும். அப்புறம் மூச்சு. போனை எடு. நர்ஸுக்கு முதல்ல."

மதியத்துக்குள் பத்து ஜாடிகளுக்குக் கணக்குக் கிடைத்தது. எட்டு திறக்காமலே திரும்பி வந்தன. இரண்டு வீடுகளில் சூப்பில் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டிருந்தார்கள். அப்படியென்றால் ஆபத்து குறைவு, ஆனாலும் கவனித்துக்கொண்டே இருங்கள் என்றாள் நர்ஸ். மிச்சம் ஒன்று. அதை வாங்கியவர் ஈலை மாமா. ஏரிக்கு அக்கரையில், போன் எட்டாத கேபினில் தனியாக இருப்பவர்.

ஏப்ரல் மாதம், உறைந்த ஏரி இளகத் தொடங்கியிருந்தது. போன வாரமே ஐஸ் மேல் கார்கள் போவது நின்றுவிட்டது. ரோடா பனிமேல் ஓடும் ஸ்கிடூ வண்டியைக் கிளப்பினாள்.

"தாங்குமா?" என்றாள் க்ளாடெட்.

"தெரியல."

க்ளாடெட் அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். நான் என் வண்டியில் தள்ளியே போனேன். பாரம் ஒரே இடத்தில் விழக் கூடாது. ஐஸ் கறுத்துக் கிடந்தது. ஓரிடத்தில் அடியில் நீளமாக ஒரு முனகல் ஓடியது. ரோடா வேகத்தைக் குறைக்கவே இல்லை.

மாமா அடுப்பருகில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஜாடி காலி.

"நேத்தே முடிச்சிட்டேன். இன்னும் ரெண்டு கொண்டாந்தியா?"

ரோடா சுவரைப் பிடித்துக்கொண்டாள். க்ளாடெட் கையை நீட்டினாள். "மாமா, எத்தனை விரல்?"

"நாலு. என்ன, பள்ளிக்கூடம் நடத்துறீங்களா?"

விஷயத்தைச் சொன்னோம். திடீரென்று அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. "எ... எனக்கு... நாக்கு..."

ரோடா அலறிவிட்டாள். மாமா நிமிர்ந்து கடகடவென்று சிரித்தார். அவள் க்ரீ மொழியில் வாய்க்கு வந்தபடி திட்டி, அவர் தோளில் இரண்டு அடி போட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"சரி சரி, வரேன். அழாத" என்றார் அவர். சொல்லிக்கொண்டே கோட்டுப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஏரியைத் திரும்பக் கடந்ததும், நர்ஸ் ஏற்பாடு செய்த விமானத்தில் மாமாவை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் ரோடா பக்கத்திலேயே இருந்தாள். அவர் இருமினால் எழுந்துவிடுவாள். ஒரு வார்த்தை தடுமாறினால் நர்ஸை ஓடிப்போய் அழைப்பாள். நான்காம் நாள் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த ஜாடிகளில் ஒன்றில் மட்டும் விஷம் இருந்ததாகப் பிறகு சோதனையில் தெரிந்தது.

"நான் விட்டுடறேன்" என்றாள் ரோடா.

"விடு. ஆனா நடந்ததை உன் பேர் போட்டு எழுதி, கடை வாசல்ல ஒட்டிட்டு விடு" என்றாள் க்ளாடெட்.

எழுதினாள், ஒட்டினாள், விடவில்லை. க்ளாடெட்டின் ஜாம் கூடத்தில் நான்கு மாதம் வேலை செய்து கற்றாள். இப்போது ஜாடி கிடையாது. ஆய்வாளர் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, புகைபோட்ட மீனை உறையவைத்துப் பொட்டலமாக விற்கிறாள். முதல் சனிக்கிழமை பார்த்துவிட்டு வாங்காமல் கடந்து போனவர்களே அதிகம். வாங்கியவர்களிடம் பெயர், வீடு, எங்கே போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

"போலீஸா நீ?" என்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.