தலை குறைந்தால் படகு கிளம்பாது

தீவுக்குப் போகிறவர்கள் முதலில் டிக்கெட் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். படகுத்துறையின் ஒற்றை ஜன்னலுக்குப் பின்னால் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் அவள், டிக்கெட்டைக் கிழித்து நீட்டிவிட்டுச் சும்மா இருக்கிற ரகம் இல்லை. ஆளைக் காலிலிருந்து தலைவரை ஒரு பார்வை பார்ப்பாள்.

“இந்தச் செருப்போடயா போறீங்க? பாறை வழுக்கும். பின்னால வார் வெச்ச செருப்பு போட்டுட்டு வாங்க.”

“ஒரு பாட்டில் தண்ணி எந்த மூலைக்கு? அங்க இருக்கிறதே ஒரு குழாய், அதுலயும் உப்புத் தண்ணி.”

“தொப்பியைக் கழட்டிப் பையில வைங்க சார். நடுக்கடல்ல காத்து அதைக் கேட்டு வாங்காது.”

ஜன்னலுக்குப் பக்கத்தில் அவள் கையாலேயே எழுதிய பலகை ஒன்று உண்டு. மொத்தம் பதினோரு ஆலோசனைகள். டிக்கெட் இல்லாமல் யாரும் படகில் ஏற வேண்டாம், சொந்தக்காரர்களாக இருந்தாலும் சரி என்பது முதலாவது. திரும்பும் படகு நாலரைக்கு ஒன்றே ஒன்றுதான், கால்மணி முன்னதாக வந்துவிடுங்கள் என்பது கடைசி.

பலகையில் இல்லாத சட்டம் ஒன்றும் இருந்தது. தினமும் நாலே காலுக்கு அவள் புத்தகத்தில் மிஞ்சிய டிக்கெட் அடிக்கட்டைகளை எண்ணி, தீவில் நிற்கும் படகோட்டிக்குப் போன் செய்து எண்ணிக்கையைச் சொல்வாள். அத்தனை தலையும் ஏறினால்தான் படகு கிளம்பும். ஒரு தலை குறைந்தாலும் கிளம்பாது. இதை எழுதி வைத்தால் ஒருத்தரும் நேரத்துக்கு வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவளும் படகோட்டியும் மூச்சுவிட்டதில்லை.

இத்தனையும் தெரிந்த டிக்கெட் அக்கா தீவில் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை என்பதுதான் வேடிக்கை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கரையில் கட்டிப் போட்டிருந்த படகில் சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்தாள். தலை கிறுகிறுவென்று சுற்றி, குடித்த காபி வெளியே வந்துவிட்டது. அதோடு கடலுக்கு ஒரு கும்பிடு. பிறகு எப்படி இவ்வளவும் தெரியும்? சாயங்காலம் திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் அவள் ஜன்னலைக் கடந்துதான் போயாக வேண்டும். முள் குத்தியவர், வழுக்கி விழுந்தவர், தாகத்தில் நாக்கு வறண்டவர் என்று ஆளாளுக்கு வந்து புலம்புவார்கள். புலம்பலைக் கேட்டுக் கேட்டே அவள் தீவைக் கரைத்துக் குடித்துவிட்டாள். யாராவது, “நீங்க போயிருக்கீங்களாக்கா?” என்று கேட்டால், “போகாமலா இவ்வளவும் சொல்றேன்?” என்று திருப்பிக் கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. மகளின் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் அம்மா தீவைப் பற்றி விசாரித்தபோது, “தீவா? அது எனக்கு வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி சம்பந்தியம்மா” என்று அளந்துவிட்டாள். சம்பந்தியம்மா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. எதையும் மறக்காதவர். நாலு மாதம் கழித்துப் போன் வந்தது.

“சனிக்கிழமை வர்றேன். உங்க கொல்லைப்புறத்தைக் காட்டுங்க.”

பின்னாலேயே மகளும் அழைத்தாள். “அம்மா, எங்க அத்தை எதை வேணாலும் பொறுத்துக்குவாங்க, பொய்யை மட்டும் பொறுக்க மாட்டாங்க. பால் பொங்கி வழிஞ்சதை நான் இல்லைன்னு சொன்னதுக்கே ஒரு வாரம் பேசல. நீ வாயைக் கொடுத்து மாட்டிக்காத. அப்புறம் இந்த வீட்டுல இருக்கப்போறது நான்தான்.”

டிக்கெட் அக்கா யோசித்துப் பார்த்தாள். தன் மானம் போனால் துடைத்துக்கொள்ளலாம். அங்கே மகளை ஆயுசுக்கும் ‘பொய்க்காரி பெண்’ என்று பார்த்தால் என்ன செய்வது? வேறு வழியில்லை, போயே தீர வேண்டும்.

சனிக்கிழமை, தீவுக்குப் போகிற ஒரே படகான ஒன்பது மணிப் படகுக்கு முப்பத்தெட்டு டிக்கெட் கிழித்தாள். அலுவலகத்திலிருந்து வந்த மாற்று ஆளிடம் புத்தகத்தை ஒப்படைத்துவிட்டு, சம்பந்தியம்மாவோடு படகேறினாள். சம்பந்திக்கு டிக்கெட் கிழிப்பது மரியாதையாக இருக்காது என்று அவருக்குக் கிழிக்கவில்லை. அவருக்கே இல்லாதபோது தனக்கு மட்டும் எதற்கு என்று அதையும் விட்டுவிட்டாள்.

படகு நகர்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“என்ன, கண்ணை மூடிட்டீங்க?” என்றார் சம்பந்தியம்மா.

“காத்து வாங்குறேன்.”

“உங்க பலகையில, படகுல கண்ணை மூடாதீங்க, தூரத்துல தெரியற கரையைப் பாருங்கன்னு போட்டிருக்கே.”

“அது புதுசா வர்றவங்களுக்கு” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

எப்படியோ தப்பித்துக் கரையேறினாள். தீவில் இறங்கியதும் அவள் கை ஓங்கிவிட்டது. “இடது பக்கம் வாங்க, அந்தப் பக்கம் முள்ளு.” முள் இருந்தது. “இந்தப் படியில மூணாவது கல்லு ஆடும்.” ஆடியது. குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்தது. சம்பந்தியம்மா புருவத்தை உயர்த்தித் தலையாட்டினார். கலங்கரை விளக்கம்வரை எல்லாம் சரியாகப் போயிற்று.

“அந்தப் பின்பக்கம் என்ன இருக்கு?” என்று கேட்டார் அவர்.

“அங்க ஒண்ணும் இல்ல சம்பந்தியம்மா.” பதினெட்டு வருடத்தில் ஒருவர்கூட அந்தப் பக்கத்தைப் பற்றி ஜன்னலில் வந்து சொன்னதில்லை. அப்புறம் அங்கே என்ன இருக்கப் போகிறது?

தலைமை ஆசிரியை அடுத்தவர் பேச்சை நம்பி நிற்கிறவரா? அவர் பாட்டுக்கு நடந்தார். இவளும் பின்னால் ஓடினாள். மேட்டைத் தாண்டியதும் டிக்கெட் அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

பாறைகளுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். அடியில் கிடக்கிற கூழாங்கற்களை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. விரல் நீளத்துக்கு நீல மீன்கள் கூட்டமாகத் திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. மரங்களின் நிழல் தண்ணீர்வரை நீண்டிருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லாத இடத்தைப் பற்றி யார் வந்து ஜன்னலில் புலம்பப் போகிறார்கள்? பதினெட்டு வருடமாகத் தீவின் முள்ளையும் உப்பையும் மட்டுமே அவள் சேர்த்து வைத்திருக்கிறாள்.

“ஒண்ணும் இல்லைன்னீங்க?” என்றார் சம்பந்தியம்மா.

“உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னுதான்” என்று சமாளித்தாள்.

இருவரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மீன்கள் வந்து கால்விரலைக் கொத்தியபோது தலைமை ஆசிரியை சின்னப் பெண் மாதிரிச் சிரித்தார். நேரம் போனதே தெரியவில்லை. சம்பந்தியம்மாதான் முதலில் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார்.

“நாலு இருபதாச்சு. கால்மணி முன்னதாகவே போகணுமே.”

“மெதுவா வாங்க. தலை குறைஞ்சா படகு நகராது. அது நான் போட்ட சட்டம்.”

கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு, ராணி மாதிரி நடந்து வந்தாள். மேட்டிலிருந்து இறங்கும்போது படகுத்துறை தெரிந்தது. படகு அங்கே இல்லை. கடலில், உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது.

பதறிப்போய்ப் போனை எடுத்தாள். சம்பந்தியம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை வேறு போட்டாள்.

“என்னடா தம்பி, ஆளை விட்டுட்டுப் போறே?”

“கணக்கு சரியாத்தானேக்கா இருக்கு?” என்றான் படகோட்டி. காலையில் ஓட்டியவன் புதியவன். இவன் பழைய ஆள், அவளை நன்றாகத் தெரிந்தவன். “மாத்து ஆளு முப்பத்தெட்டுன்னாரு. எண்ணி ஏத்தினேன்.”

முப்பத்தெட்டு அடிக்கட்டை. அதில் இவர்கள் இருவரும் இல்லை. பலகையின் முதல் வரி அவள் நெற்றியில் வந்து அடித்தது.

“நான் இங்கதான்டா நிக்கிறேன். தீவுல.”

“விளையாடாதீங்கக்கா. கட்டிப்போட்ட படகுலயே வாந்தி எடுத்த ஆளு நீங்க. இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது அங்க போயிருக்கீங்களா?”

படகு போனது போதாதென்று மானமும் கப்பலேறியது. அவள் போனை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்போ அந்த முள்ளு?” என்றார் சம்பந்தியம்மா.

“ஏழு வருஷம் முன்னாடி ஒரு டாக்டரம்மா நொண்டிக்கிட்டே வந்து சொன்னாங்க.”

“ஆடுற கல்லு?”

“ஒரு கிழவர். முட்டியில ரத்தம். நான்தான் பஞ்சு வெச்சு விட்டேன்.”

“ஏன் வரவே இல்ல?”

“பயம். அதைச் சொல்ல வெட்கம்.” குரல் உடைந்தது. “தப்பு என்னோடது. என் பொண்ணை மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க.”

சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவ பால் பொங்கினதைத்தான் மறைச்சா. நீங்க ஒரு கடலையே மறைச்சிருக்கீங்க. இது எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது.” சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “சொன்னது பொய். ஆனா எழுதி வெச்சது ஒண்ணுகூடப் பொய் இல்ல. யாரோ எவரோ விழுந்ததை இவ்வளவு ஞாபகம் வெச்சிருக்கீங்களே. அவளை ஒண்ணும் சொல்ல மாட்டேன், போங்க.”

கரையில் அவளைக் காணாததும் படகோட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. முக்கால் மணி நேரத்தில், வெயில் இருக்கும்போதே, படகு திரும்பி வந்தது. படகோட்டி கையை நீட்டினான். கையில் இரண்டு டிக்கெட்.

“மாத்து ஆளு குடுத்து விட்டாருக்கா. இது இல்லாம ஏத்தக் கூடாதாம். பலகையில போட்டிருக்காம்.”

திரும்பும்போது சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “கண்ணைத் திறங்க. கரையைப் பாருங்க” என்று வகுப்பெடுத்துக்கொண்டே வந்தார். தலை சுற்றத்தான் செய்தது. ஆனால் காபி வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை காலை பலகையில் பன்னிரண்டாவது வரி ஏறியிருந்தது: ‘பின்பக்கம் போங்கள். அங்கே குறை ஒன்றும் இல்லை.’

வரிசையில் முதலாவதாக நின்ற பெண் அதைப் படித்துவிட்டுக் கேட்டாள். “நீங்க போயிருக்கீங்களாக்கா?”

“ஒரே ஒரு தடவை” என்றாள் டிக்கெட் அக்கா, டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே. “அதுலயும் படகை விட்டுட்டேன்.”