‘ம்’ என்று முடியும் பெயர்கள்

அந்த அட்டையை நான் தேடி எடுக்கவில்லை. என் மனைவியின் சாப்பாட்டுப் பையிலிருந்து தானாகக் கைக்கு வந்தது. சரி, தேடித்தான் எடுத்தேன். பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கும் வேலை எனக்கு. பன்னிரண்டு வருஷமாகச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்குகிறவன். பையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

அவள் வேலை பார்க்கும் துணி மில்லில் பண்டல்மேல் கட்டுகிற அட்டை. பின்பக்கம் முழுக்க ஆண்பிள்ளைப் பெயர்கள், எந்த மொழி, என்ன அர்த்தம் என்று போட்டு. சலீம், அரபு, குறையில்லாதவன். விக்ரம், வடமொழி, வீரம். பஹ்ராம், பாரசீகம், வெற்றி. வில்லியம், ஜெர்மானியம், உறுதியான காவலன். ஆபிரகாம், எபிரேயம், பலருக்குத் தகப்பன். இதை மட்டும் இரண்டு தரம் படித்தேன். செல்வம், தமிழ், அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. மொத்தம் பதினெட்டு பெயர்கள், ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை உறவுமில்லை. எல்லாம் ‘ம்’ என்று முடிந்ததுதான் ஒரே பொருத்தம். செல்வத்தையும் இன்னும் சிலவற்றையும் விட்டு மற்றதற்கெல்லாம் டிக் அடித்திருந்தது. டிக் அவளுடைய பென்சில். எழுத்து அவளுடையது இல்லை.

அவளுக்கு ஏழாம் மாதம். பிள்ளைக்குப் பெயர் தேடுவது நியாயம்தான். கட்டினவனைக் கேட்காமல் எவனைக் கேட்டாள்? அவள் மில்லில் தறி ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக்கின் ஞாபகம் வந்தது. அவன் பெயரும் ‘ம்’ என்றுதான் முடியும். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்று மாதமாகவே அவள் போக்கு சரியில்லை. நான் கேட்டால் பதில் வராது. மறுபடி கேட்டால் “என்ன?” என்று எரிந்து விழுவாள். போதாததற்கு மீசையை எடுங்கள் என்று ஒரே நச்சரிப்பு. உதட்டை மூடித் தொங்குகிற இந்த மீசையைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கே சம்மதித்தாள். இப்போது கசக்கிறதாம். மெக்கானிக்குக்கு மழமழவென்று சிரைத்த முகம்.

மறுநாள் மில் வாசலில் இறங்கி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்பது தறிகள் போட்ட சத்தத்தில் காது அடைத்துப்போனது. பெண்கள் குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே எல்லோருக்கும் அதுதான் பழக்கம். மெக்கானிக் வந்து அவள் தோளைத் தொட்டான். அவள் திரும்பி அவன் வாயையே கண்கொட்டாமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து மாதக்கணக்காகிறது. பிள்ளை என்னுடையதுதானா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், வந்தது.

டிக்கெட் இல்லாதவனைப் பிடிக்க ஒரு வழி உண்டு. முகத்தைப் பார்க்கக் கூடாது. பின்னால் நின்று “டிக்கெட்” என்று சொன்னால் போதும், குற்றமுள்ளவன் தோள் துள்ளும். அன்று சாயங்காலம் அவள் சமையல் மேடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பூனைபோலப் பின்னால் போய் நின்று மெக்கானிக்கின் பெயரைச் சொன்னேன்.

தோள் அசையவில்லை. என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் நறுக்கிக்கொண்டே இருந்தாள். ஆத்திரத்தில் பெரிய குண்டான் மூடியை எடுத்துத் தரையில் அடித்தேன். அது கணகணவென்று உருண்டு போய் அவள் காலில் இடித்தபோதுதான் குனிந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“எப்ப வந்தீங்க?”

நான் மூடியைக் காட்டினேன். “உனக்குக் காது கேக்கலையா?”

“மீசைக்குள்ள முணுமுணுக்காதீங்க. ஒண்ணும் தெரியல.”

மீசையை இரண்டு கையாலும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பக் கேட்டேன். அவள் முகம் வெளுத்தது. கத்தியைக் கீழே வைத்தாள்.

“மூணு மாசமா சுத்தமா கேக்கல. எல்லாம் தறிச் சத்தம். மில்லுல தெரிஞ்சா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. உங்ககிட்ட சொல்லவும் பயம். எதைச் சொன்னாலும் துருவித் துருவிக் கேப்பீங்க.”

அட்டையை நீட்டினேன். அதை அவள் மறைக்க முயலவில்லை.

“மெக்கானிக் அண்ணன் எழுதிக் குடுத்தாரு. அவருக்கும் ஒரு காது போச்சு. ‘ன்’னு முடியுற பேருன்னா நாக்கு உள்ளயே வேலையை முடிச்சிடும், வெளிய ஒண்ணும் தெரியாது. ‘ம்’னா உதடு மூடும். அவர் ஒவ்வொண்ணா வாயசைச்சாரு, எனக்குப் புரிஞ்சதுக்கு டிக் போட்டேன். நாளைக்கு யாராவது நம்ம பிள்ளையக் கூப்பிட்டா எனக்குத் தெரிய வேணாமா?” என்றவள், அட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “அவன் அம்மான்னு கூப்பிடுறதுகூடக் கேக்காது. பரவால்ல, அதுலயும் உதடு மூடுது. பாத்துக்குவேன்” என்றாள்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் முன்னால் நிற்க முடியாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கத்தரிக்கோலும் பிளேடுமாக வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. கண்ணாடியில் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவன் முகம் தெரிந்தது.

வெளியே வந்து விளக்குக்குக் கீழே நின்றேன். டிக் விழாத பெயர் ஒன்றைக் குரலில்லாமல் சொன்னேன். அவள் என் வாயையே கண்கொட்டாமல் பார்த்தாள்.

“இன்னொரு தரம்.”

சொன்னேன்.

“செல்வம்!” என்று வீடே அதிரக் கத்திவிட்டுப் பென்சிலைத் தேடப் போனாள்.