பதினாலாம் மாடியில் காயப்போட்ட சட்டை

ஆலைகள் மூடிப் பாதி ஊர் காலியான பிறகு, அந்த அடுக்குமாடியிலும் பாதி வீடுகளில் ஆள் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது தெரியக்கூடாது என்று கட்டடத்து முதலாளியம்மா ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். தினமும் சாயங்காலம் காலி வீடுகளில் விளக்குப் போட்டுத் திரையை விலக்கிவிட வேண்டும். சின்னவனுக்கு அதுதான் வேலை.

கடல் கடந்து பிழைக்க வந்து, கட்டடத்தின் பின்சந்தில், உடைந்த கண்ணாடிக்கு அட்டை ஒட்டிய ஓர் அறையில் ஐந்து பேரோடு முடங்கிக் கிடந்தவன் அவன். பதினாலாம் மாடி சோபாவைப் பார்த்ததும் புத்தி பிசகிவிட்டது. அதில் உட்கார்ந்தபடியே ஊரிலிருந்த அக்காவுக்கு வீடியோ கால் போட்டு, "இதுதான்க்கா என் வீடு" என்று அளந்துவிட்டான்.

அக்கா அதை நம்பி, வேலை போன அத்தானை மூட்டையோடு அனுப்பிவைத்தாள்.

"என்ன மச்சான், இவ்வளவு பெரிய வீட்ல தனியாவா இருக்க? பேச்சுத் துணைக்கு எதிரொலியா?" என்று அத்தான் சிரித்தார்.

உண்மை தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டான்.

"யார் தட்டினாலும் கதவத் திறக்காதீங்க அத்தான். திருட்டு பயம்."

கதவைப் பற்றிச் சொன்னவனுக்குத் துணியைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. மறுநாள் காலை அத்தான் தன்னுடைய ஒரே நல்ல சட்டையைத் துவைத்து பால்கனிக் கம்பியில் காயப்போட்டார். ஒருநாளும் துணி தொங்காத கட்டடம் அது. தெருமுனையிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது.

முதலாளியம்மா சின்னவனையும் இழுத்துக்கொண்டு மேலே வந்து, தன் சாவியால் கதவைத் திறந்தாள். கூடத்தில் அத்தான் பனியனோடு நின்றார்.

"யாருடா இது?"

இந்த வேலை போனால் சொந்த ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அக்காவும் நடுத்தெருவில் நிற்பாள்.

"தெரியலம்மா. பின்சந்துலேர்ந்து எவனோ ஏறி வந்திருக்கான். அங்க இருக்கறவனுங்க எல்லாம் இப்படித்தான்."

சொல்லி முடித்ததும் அவனுக்கே நாக்கு கூசியது. அத்தான் அவனை ஒரு கணம் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. கதவு திறந்திருந்துச்சு, படுத்துட்டேன்."

சொட்டச் சொட்ட ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு, மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுப் படியிறங்கினார். லிப்டைக்கூடத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் விளக்குகளைப் போட்டுவிட்டுச் சின்னவன் சந்துக்கு ஓடினான். அவன் அறைப் படியில் அத்தான் உட்கார்ந்திருந்தார். சட்டையின் காலர் இன்னும் காயவில்லை.

"விசாரிச்சேன். இங்க எல்லாருக்கும் உன்னத் தெரியுதே!"

"அத்தான்..."

"இரு. உங்கக்கா லைன்ல இருக்கா." போனை வாயருகே கொண்டுபோனார். "உன் தம்பி வீட்டுக்கு என்னடி குறை? ராத்திரி நல்லாத் தூங்கினேன். இந்தா, அவன்கிட்டயே பேசு."

திரையில் அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஏண்டா, ஒரே இருட்டா இருக்கு? வீட்ல விளக்கு போடலையா?"

சந்துக்கு மேலே பதினாலாம் மாடி ஜெகஜோதியாக எரிந்தது. சின்னவன் போனைத் திருப்பி, அட்டை ஒட்டிய ஜன்னலைக் காட்டினான்.

"இதுதான்க்கா என் வீடு."

அக்கா என்னென்னவோ கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். அத்தான் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.