சொல்லாமல் விட்ட விரதம்

"அன்ரி, முருகன் பேயைக் கலைக்கிற சாமிதானே? பிறகேன் அவரின்ரை விரதத்திலை அம்மாவுக்குப் பேய் வருது?"

ஜேர்மனியின் எசன் நகரத்து மருத்துவமனை ஒன்றின் நடைவழியில், பதினேழு வருடங்களுக்கு முன், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வி இது. கேட்டது ஜெயமலரிடம். ஜேர்மன் மொழி வராத தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பது ஜெயமலரின் வேலை. "சாமி விசயத்திலை அப்பிடிக் கதைக்கக் கூடாது, குஞ்சு" என்று சொல்லி, ஒரு பிஸ்கற்றைக் கையில் கொடுத்துக் குழந்தையின் வாயை அடைத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

உள்ளே கட்டிலில் இருந்தது அந்தப் பிள்ளையின் தாய் செல்லம். வயிற்று வலியில் சுருண்டு கிடந்தாள். சண்டையில் செத்துப்போன தம்பி நனைந்த உடுப்போடு யன்னலருகில் நிற்கிறான் என்று இடைக்கிடை சொன்னாள். எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்து ஒன்றும் அகப்படாத வைத்தியர், "ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?" என்று கேட்டார்.

"கந்தசஷ்டி, அக்கா. நாலு நாளாத் தண்ணி மட்டுந்தான்" என்றாள் செல்லம்.

ஜெயமலர் ஒரு கணம் தயங்கினாள். முன்பொருமுறை தூக்குக் காவடி பற்றி அவள் விளக்கியபோது ஒரு வைத்தியர் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. சாமிக்காகப் பட்டினி கிடந்து சாகிற சனங்கள் என்று இவர்கள் எழுதிவைப்பார்களே. தன் சாமியை, தன் சனத்தைத் தானே காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

"அவர் சைவ உணவுக்காரர்" என்று ஜேர்மனில் சொன்னாள்.

செல்லம் திரும்பி அவளைப் பார்த்தாள். முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்தவள் செல்லம். அந்த ஒரு சொல்லை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு அவளுக்கு மொழி தெரிந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மனநோய் என்று எழுதினார்கள். அடுத்த வருடமும் அதே மாதத்தில் வருத்தம் வந்தது. மூன்றாம் வருடம் நாலாம் நாள் விரதத்தில் கைகால் சோர்ந்து, மூச்சும் நின்றுபோனது. செத்த வீட்டில் ஜெயமலர் கடைசி வரிசையில் நின்றாள். தான் விட்ட ஒரு சொல்லுக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்புண்டா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பார்வை அவளை விடவில்லை. எந்த நோயாளியின் பக்கத்தில் இருந்தாலும், மொழிபெயர்த்து முடிந்த அடுத்த கணத்தில், தோளுக்குப் பின்னால் யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருக்கும். அன்றுமுதல் அவள் ஒரு சொல்லையும் விட்டதில்லை. "மலரக்காவோடை போனா இருமலையும் மொழிபெயர்த்துப் போடுவா" என்று சனம் பகிடி பண்ணும். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இந்த வருடம், சஷ்டியின் நாலாம் நாள் காலை, அதே மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. நோயாளி நன்றாக ஜேர்மன் பேசுகிறவள், இங்கேயே படித்தவள், பல் வைத்தியசாலையில் வேலை. ஆனால் நேற்று மாலையிலிருந்து தமிழ் மட்டுமே பேசுகிறாள் என்றார்கள்.

அறை வாசலில் நின்ற மனிதரை ஜெயமலர் உடனே அடையாளம் கண்டாள். செல்லத்தின் புருசன் தியாகராசா. தலை முழுக்க நரைத்திருந்தது.

"அக்கா, என்ரை ஆதிரை" என்றார். கதவைத் தள்ளிப் பிடித்து உள்ளே காட்டினார்.

பிஸ்கற் வாங்கிய பிள்ளை இப்போது கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். நாடி வேகமாக அடிக்கிறது, இரத்தத்தில் உப்புக் குறைவு, ஸ்கானில் குறையொன்றும் இல்லை, நாளைக்கு மனநல வைத்தியர் வருவார் என்று இளம் பெண் வைத்தியர் லிண்டர் சொன்னார்.

"அம்மா வந்திருக்கிறா" என்றாள் ஆதிரை. "கால்மாட்டிலை இருக்கிறா. ஒண்டும் கதைக்கிறா இல்லை. பாத்துக்கொண்டே இருக்கிறா."

ஜெயமலர் அதைச் சொல்லுக்குச் சொல் ஜேர்மனில் சொன்னாள். சொல்லும்போதே கண் கால்மாட்டுக்குப் போயிற்று. மடித்த போர்வை ஒன்றுதான் இருந்தது. என்றாலும் அதன் நடுவே யாரோ இருந்து எழும்பிய குழி இருப்பதுபோல் பட்டது.

"சாப்பாடு எப்படி?" என்று வைத்தியர் கேட்டார்.

தியாகராசா பதறினார். "சொல்லாதேங்கோ அக்கா! விரதமெண்டா இவையள் சிரிப்பினம். பிள்ளையைப் பைத்தியமெண்டே முடிவு கட்டிப்போடுவினம். நல்லாச் சாப்பிடுறவள் எண்டு சொல்லுங்கோ."

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு ஏலாது."

விரதத்தைச் சொன்னாள். நாலு நாளாகத் தண்ணீர் மட்டும் என்பதைச் சொன்னாள். சொல்ல வேண்டாம் என்று தகப்பன் கேட்டதையும் சொன்னாள். பிறகு, "இனிச் சொல்லப்போவது மொழிபெயர்ப்பல்ல, என் சொந்த வார்த்தை" என்று தொடங்கி, இவளுடைய தாயையும், அந்த மூன்று இலையுதிர்காலங்களையும், தான் மறைத்த பதிலையும் சொன்னாள். கடைசியில் ஒரு குழந்தை கேட்ட கேள்வியையும் சொன்னாள். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

லிண்டர் சிரிக்கவில்லை. பேனையைக் கீழே வைத்தார். சட்டென்று குனிந்து, கட்டிலின் ஓரத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தார். குழாயில் புதிதாக வந்தது மஞ்சளாக இருந்தது. யன்னல் வெளிச்சம் பட்டுக்கொண்டிருந்த பையில் தேங்கியதோ கறுஞ்சிவப்பாக மாறியிருந்தது.

"தண்ணீர் குடிக்காததால் என்று நினைத்தோம்" என்றார் மெதுவாக. "தாய்க்கும் இப்படியா?"

ஜெயமலர் கேட்டாள். தியாகராசா வெட்கத்தோடு தலையைக் குனிந்தார். "ஓம் அக்கா. பீற்றூட் அவிச்ச தண்ணி மாதிரி. இதையெல்லாம் ஆருக்குச் சொல்லுறது?"

புதிதாக எடுத்த சிறுநீரைக் குப்பியோடு சேர்த்துச் சமையலறை வெள்ளித்தாளில் சுற்றி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். வெளிச்சம் படக்கூடாதாம். முடிவு வருமுன்பே சீனித்தண்ணீர் ஏற்றத் தொடங்கினார்கள்.

மறுநாள் முழுக்க ஜெயமலருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மதியத்தில் லிண்டர் நோயின் பெயரைச் சொன்னார்: போர்பிரியா. இரத்தத்தின் சிவப்பைச் செய்யும் வேலை உடம்புக்குள் பிழைத்து, இடையில் நஞ்சு தேங்கும் நோய். பரம்பரையில் வரும். வலி, பயங்கரக் காட்சிகள், கைகால் சோர்வு எல்லாம் அதுதான். பட்டினி அதற்கு நெருப்பு. "தாயின் கதை இல்லாவிட்டால் நான் இதை நினைத்தே இருக்கமாட்டேன்" என்றார். மருந்து வேறொரு நகரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

பின்னேரம் ஆதிரைக்குத் தெளிவு வந்திருந்தது. கால்மாட்டைப் பார்த்தாள். "அம்மா போயிட்டா" என்றாள். பிறகு கையில் ஏறிக்கொண்டிருந்த சீனித்தண்ணீரைப் பார்த்து அழத் தொடங்கினாள். "விரதம் முறிஞ்சு போச்சு. அம்மா நாலாம் நாளோடை விட்டிட்டுப் போனதை முடிச்சுக் குடுப்பமெண்டுதான் பிடிச்சனான். எனக்கும் நாலாம் நாளோடை போச்சு. இனிப் பிடிக்கவே கூடாதாம்."

ஜெயமலர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் அவளுக்கும் சொன்னாள்.

"அந்த அன்ரி நீங்களோ?"

"ஓம்."

"நீங்கள் மாத்திச் சொன்னது அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும், பிள்ளை."

ஆதிரை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெயமலர் மன்னிப்புக் கேட்கவில்லை. நோயாளியிடம் அதையும் சுமத்துவது நியாயமில்லை என்று நினைத்தாள். ஒரு வாழைப்பழத்தைப் பாதி உரித்துத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். கதவருகில் போனபின் திரும்பிப் பார்த்தபோது, பிள்ளை அழுதுகொண்டே அதைத் தின்றுகொண்டிருந்தாள்.

மருத்துவமனைக் குளியலறையில் முகம் கழுவும்போதுதான், அன்று முழுக்கத் தான் எதுவும் சாப்பிடவில்லை என்பது ஜெயமலருக்கு உறைத்தது. அது முருகனுடைய கருணை என்று அவள் எடுத்துக்கொண்டாள். கைநிறையத் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். செல்லத்தின் பெயரை மனதுக்குள் சொல்லி, மிச்ச இரண்டு நாளையும் முடித்துக் கொடுப்பதாகச் சங்கல்பம் செய்துகொண்டாள்.

ஆறாம் நாள் கோயிலில் சூரன்போர். சனம் நிறைந்திருக்கும், அவள் போகவில்லை. கண் வைத்தியசாலையில் ஒரு முதியவருக்கு மொழிபெயர்த்தாள். தாதி கோப்பி நீட்டியபோது, இப்போதுதான் குடித்தேன் என்றாள். முருகன் பொறுத்துக்கொள்ளக்கூடிய பொய் அது. வீட்டில் புருசன் கேட்டபோது வயிறு சரியில்லை என்றாள்.

ஏழாம் நாள் விடிய, புருசன் வேலைக்குப் போனபின், முழுகிவிட்டு விளக்கேற்றினாள். சோறும் பருப்பும் வைத்து, பச்சைக்கீரை கிடைக்காததால் உறைந்த ஸ்பினாட்டில் ஒரு கறியும் வைத்தாள். படத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்து பாரணை பண்ணினாள்.

"செல்லம், ஆறும் முடிஞ்சுது" என்று சத்தமாகவே சொன்னாள்.

முதல் கவளம் தொண்டையில் நோவோடு இறங்கியது. மிச்சத்தை ஆறுதலாகச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பத்து மணிக்கு இருந்த அடுத்த நோயாளியிடம் போக பஸ்ஸுக்கு நடந்தாள்.