பால் பொங்கிய அத்தியாயம்

என் மனைவி இருந்தவரை விடியற்காலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். எழுதியதை எடுத்துக்கொண்டு போய்ப் படுக்கையருகே நின்று படிப்பேன். கண்ணைத் திறக்காமலே கேட்பாள். பிடித்தால் "அப்புறம்?" என்பாள். பிடிக்காவிட்டால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். எனக்கு அது போதும். நானாகத் திரும்பப் படித்துப் பார்க்கும் பழக்கமே இல்லை.

காய்ச்சலில் போய்விட்டாள். நாவலில் கடைசி இரண்டு அத்தியாயங்கள் பாக்கி.

இப்போது விடியற்காலை பாப்பாவுடையது. பல் முளைக்கிற வயசு. தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். நடந்தால் மட்டும் போதாது, பேசிக்கொண்டே நடக்க வேண்டும். வாயை மூடினால் அலறல். அத்தை, அதாவது அவளுடைய அம்மா, எங்களோடு தங்க வந்துவிட்டார்.

மாலையில் எழுதப் பார்த்தேன். அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் பார்த்தேன். ஒரு வரி நகரவில்லை. பதிப்பகத்து எடிட்டர் அம்மா தன்மையாகத்தான் சொன்னார்.

"இந்த மாசம் ஒரு அத்தியாயமாவது வரலைன்னா வேற புத்தகத்தை அச்சுக்கு அனுப்பிடுவேன் தம்பி. உங்களுக்கு எப்ப முடியுதோ அப்ப பார்த்துக்கலாம்."

அந்த 'அப்ப' வராது என்று எனக்குத் தெரியும். இதை விட்டால் எழுத்தே விட்டுப்போகும்.

ஒரு காலை பாப்பாவிடம் பேச எதுவும் மிச்சமில்லை. செய்தித்தாள் முதல் சோப்பு உறை வரை படித்துக் காட்டியாயிற்று. நாவலைச் சொல்ல ஆரம்பித்தேன். வீட்டை விட்டுப் போனவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாப்பா அடங்கினாள்.

மறுநாள் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நாம் பேசப் பேச அது எழுத்தாக்கிக்கொண்டே வரும். கூடத்துக்கும் பால்கனிக்கும் நடையாய் நடந்ததில் ஒரு அத்தியாயம் தேறியது. ஆனால் அவன் இன்னும் வாசலிலேயே நின்றான். எப்படி உள்ளே விடுவது என்று தெரியவில்லை. படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

எடிட்டர் அம்மா கூப்பிட்டார்.

"அவன் மூச்சு விடாம மன்னிப்பு கேட்கிறான். அவ ஒரே வரியில வாயை அடைச்சிட்டா பாருங்க. முதல்ல சிரிச்சிட்டேன், அப்புறம் கண்ணு கலங்கிடுச்சு."

"எந்த வரி மேடம்?"

"'பால் பொங்குது, அடுப்பை அணைச்சிட்டு அப்புறமாப் பேசுங்க.' அணைக்கணும்னா அவன் உள்ள வந்துதானே ஆகணும்?"

அன்று அடுப்பெல்லாம் பால் வழிந்தது நினைவுக்கு வந்தது. அத்தை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே கத்தியிருக்கிறார். போன் கேட்டிருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

"அது நான் எழுதினதில்ல. என் மாமியார் சொன்னது."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அவங்க சம்மதிச்சா அப்படியே இருக்கட்டும். கடைசி அத்தியாயத்தை அனுப்புங்க, உங்க புத்தகத்துக்கு இடம் வச்சிருக்கேன்."

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"அன்னைக்குத் தொண்டை கிழியக் கத்தினேன். காதுல ஏறல, கதையில மட்டும் எப்படி ஏறிச்சு மாப்பிள்ளை?"

"இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா அத்தை?"

"இருக்கட்டும். அடுப்பைத் தேய்ச்சது நான்தானே."

சிரித்துவிட்டேன். பாப்பா தலையைத் திருப்பி, யாரோ புது ஆள் வந்த மாதிரி என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலை கடைசி அத்தியாயத்தைத் தொடங்கினேன். போனில் தன் குரல் விழுந்துவிடுமோ என்று அத்தை பூனை மாதிரி நடமாடினார். டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தார். கதையில் அவன் உள்ளே வந்து அடுப்பை அணைத்தான். வழிந்த பாலைத் துடைத்தான். அதோடு எனக்கு வார்த்தை நின்றது. பாப்பா சிணுங்கினாள்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அப்புறம்?"

நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"அவ அவனை உட்காரச் சொன்னாளா இல்லையா?"

"தெரியல அத்தை."

"தெரியாமயா கதை சொல்ல வந்தீங்க? நிக்காதீங்க, நடங்க. வரும்."

பாப்பாவைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தேன். வந்தது.