சாட்சிக்கு எண்பது ஊசி

1

"கையைக் குடுங்கன்னா குடுக்கணும்! என்னத்துக்குப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

"கழுவிட்டு வரேன்."

"கழுவுனா மட்டும்? பதினொரு வருஷமா நான் பிடிச்ச கை இது. இப்படிக் குடுங்க… ஐயோ! என்ன இது, காஞ்சு கிடக்கு?"

"காஞ்சாதான் என்ன?"

"என்னவா? யாரு கை இது?"

இந்தக் கதை எனக்குப் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகக் கிடைத்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. என் படுக்கையறை அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடைவெளி உண்டு. தூசி துடைக்க வசதியாக நானே நகர்த்தி வைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைத்துக்கொண்டிருந்தேன். [ஒன்றே முக்கால் மணி நேரம். தூசி அப்படி.]

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன். 'உள்ளங்கை என்பது மனிதனின் இரண்டாவது முகம்' என்று ஒன்று. எழுதி முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்தது. 'அன்று நல்ல வெயில், தெருவில் ஒரு ஈ காக்கா—' வேண்டாம். வெயில் என்று தொடங்கினால் வியர்வைக்கு நியாயம் கிடைத்துவிடும். இந்த மனிதருக்கு வியர்க்க வெயிலே தேவையில்லை. ஏசி அறையில் உட்கார வைத்து விசிறினாலும் உள்ளங்கையில் சொட்டும்.

2

அவர் இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணாடிக்கடைக்காரருக்கு உள்ளங்கை வியர்ப்பது, மீன் விற்பவருக்குப் பூனை வளர்க்கிற ஆசை வந்த மாதிரி. லென்ஸைப் பளிச்சென்று துடைப்பார், வாடிக்கையாளர் முகத்தில் மாட்டிவிடுவார், மாட்டும்போதே கட்டைவிரல் ஈரம் லென்ஸில் ஒட்டிவிடும். "இன்னும் மங்கலாத்தான் தெரியுது" என்பார் வந்தவர். மறுபடி துடைப்பு. பையில் ஒரு துண்டு, தோளில் ஒரு துண்டு, மேசைக்கு அடியில் இன்னொன்று. பவர் எழுதிய சீட்டை அவரிடம் கொடுத்தால் மை கலைந்து, உங்களுக்குக் கிட்டப்பார்வையா தூரப்பார்வையா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மனைவிக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. நின்றுகொண்டிருந்த கார் தானாகவே மரத்தில் மோதிவிட்டது என்று எழுதித் தருகிறவர்களை வடிகட்டும் இருக்கை அவளுடையது. ஆபீசில் அதற்கு ஆயிரம் காகிதம் பார்ப்பாள். வீட்டில் ஒரே சோதனைதான்: "கையைக் குடுங்க." நனைந்திருந்தால் பொய்.

இதில் உள்ள ஓட்டை உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அவர் கை எப்போதுமே நனைந்திருக்கும். யாராவது பிடித்தால் இன்னும் நனையும். அவருடைய பேரைக் கேட்டு அவர் சரியாகச் சொல்லியிருந்தாலும் பொய்யென்றுதான் தீர்ப்பு வந்திருக்கும். கல்யாணமான இரண்டாம் மாதமே இது அவருக்குப் புரிந்துவிட்டது. பூச்சாடியை உடைத்தது நீங்கதானே? ஆமா. ஃபோனை வேணும்னே எடுக்கலதானே? ஆமா. ஒப்புக்கொண்டால் பத்து நிமிடத்தில் முடியும், மறுத்தால் ராத்திரி வரை போகும். மனிதர் கணக்காக 'ஆமா' போட்டே பதினொரு வருடம் குடித்தனம் நடத்தினார்.

ஒரே ஒரு தடவைதான் 'இல்லை' என்றார்.

3

அதைச் சொல்ல, தங்கை வேண்டும். மனைவியின் தங்கை. இவளைத்தான் எனக்கு எழுத வரவில்லை.

மருந்துக்கடையில் மருந்தாளுநர். அக்கா வீட்டிலேயே இருக்கிறாள். ஒரே வீட்டில் நாலு வருடமாக அக்கா புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "அக்கா, குழாயை இறுக்கி மூடச் சொல்லு" என்பாள். ஒரு எட்டு தள்ளி நிற்கிற அவர், "மூடிட்டேன்னு சொல்லு" என்பார். [இப்படி ஒரு பெண்ணைக் கதையில் வைத்தால் யார் நம்புவார்கள்? இவளை எடுத்துவிட்டு ஒரு மாமியாரைப் போடலாமா என்று யோசித்தேன். மாமியார் என்றால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.]

நாலு வருடத்துக்கு முன் இந்தத் தங்கைக்கு அக்கா ஒரு மாப்பிள்ளை பார்த்தாள். பதினான்கு மாதம் அலைந்து பிடித்த மாப்பிள்ளை. உயரம், உத்தியோகம், குடும்பம் எல்லாம் சரி. ஒரே குறை, தான் சொன்ன ஜோக்குக்குத் தானே முதலில் சிரித்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சிரிப்பு வசூல் செய்வார். கண்ணாடிக்கடைக்காரர் சாப்பாட்டு மேசையில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "இந்தப் பையன் அவசியமா?" என்று கேட்டுத் தொலைத்தார்.

பத்து நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது.

'பெண்ணுக்கு இந்தச் சம்பந்தத்தில் சம்மதம் இல்லை. வாய் திறந்து சொல்ல முடியாத நிலையில் இருக்கிறாள். இரண்டு வீட்டு நிம்மதியையும் கருதி விலகிக்கொள்ளவும். இப்படிக்கு, நலம்விரும்பி.'

மாப்பிள்ளையின் அப்பா அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்றைக்கே விசாரணை. "கையைக் குடுங்க. நீங்கதானே எழுதினது?" "இல்ல." கையோ மழைக்கால ஓட்டு விளிம்பு மாதிரி சொட்டுகிறது. "எழுத்துகூட என்னுது இல்லையேம்மா. சாஞ்சு சாஞ்சு இருக்கு பாரு." "இடது கையால எழுதியிருப்பீங்க. ஆபீஸ்ல இது மாதிரி எத்தனை பாத்திருக்கேன்!"

வழக்கு முடிந்தது. தங்கை அன்றைக்கு வாயை மூடியவள்தான்.

மற்ற எல்லாத் தீர்ப்பையும் சட்டைப் பொத்தானைப் போலக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிய மனிதரால் இதை மட்டும் அப்படி விட முடியவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்தவன் என்று தன் வீட்டிலேயே பேர். இந்தக் கதையில் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நான் எழுதவில்லை என்று சொன்னால் அந்த வீட்டில் நம்ப வேண்டும்.

4

ஊசியைப் பற்றி அவருக்குச் சொன்னது நான்தான். படிக்கிற கண்ணாடி வாங்கப் போனபோது, பத்திரிகையில் வந்திருந்த ஒரு கட்டுரையைக் கத்தரித்துக்கொண்டு போய் நீட்டினேன். நரம்பு ஓயாமல் வியர்வைச் சுரப்பிக்கு உத்தரவு போட்டுக்கொண்டே இருக்குமாம். ஊசி போட்டால் உத்தரவு போய்ச் சேராதாம். நடிகைகள் நெற்றிச் சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்கிறார்களே, அதே மருந்து. அவர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை படிக்க முடியாதபடி தாள் ஊறிவிட்டது.

கிளினிக்குக்கும் நான்தான் கூடப் போனேன். ஊசிக்குப் பிறகு வண்டி ஓட்ட முடியாது, துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் சின்னப் பெண். அவர் கையைத் துடைத்து, அயோடின் தடவி, மேலே மாவு தூவினாள். வியர்க்கிற இடம் கறுக்கும் என்றாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு கையும் தார் ரோடு. அப்புறம் கழுவிவிட்டுப் பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்தாள். ஒரு கைக்கு நாற்பது.

"டாக்டர், ஒரு சந்தேகம். பொய் சொன்னாத்தான் கை வியர்க்குமா?"

"பொய்க்கு வாய் போதும் சார். கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பதட்டத்துல கூடலாம். உண்மையைச் சொல்றப்போ பதறுறவங்களும் இருக்காங்க."

"இதை அப்படியே எழுதி, சீல் வெச்சுக் குடுப்பீங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

ஐஸ் வைத்துத்தான் குத்தினாள். முதல் ஏழெட்டுக்குப் பல்லைக் கடித்தார். இருபதுக்கு மேல் என் புடவைத் தலைப்பைப் பல்லுக்குக் கேட்காத குறை. நாற்பது முடிந்து அடுத்த கையை நீட்டச் சொன்னபோது, 'அம்மா' என்றார், யாரையும் கூப்பிடாமல். "பத்து நாள்ல நல்லா காஞ்சிடும். நாலு மாசமோ ஆறு மாசமோ தாங்கும், அப்புறம் திரும்ப வரும். கொஞ்ச நாளைக்கு விரல் பிடி தளர்ந்திருக்கும்" என்றாள் டாக்டர்.

தளர்ந்தது. மூக்குக்கண்ணாடித் திருகு எறும்புத் தலை அளவு. பிடிக்கவே முடியாமல் இரண்டு வாரம் தரையில் தவழ்ந்து பொறுக்கினார். வீட்டில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க வரவில்லை. மனைவி கவனித்துவிட்டாள். அதுதான் நீங்கள் முதலில் கேட்ட சத்தம்.

[பக்கத்து வீட்டுக்காரிக்கு இவ்வளவு அக்கறையா, என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நாலாம் பகுதியை மூன்று தடவை அடித்தேன்.]

5

மொட்டைக் கடிதம் எழுதியது நான்.

இதைக் கடைசிவரை மறைத்துவைப்பதுதான் கதை எழுதும் முறை. என் வயிற்றில் எதுவும் தங்காது என்று கட்டிடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இது ஒன்றுதான் நாலு வருடம் தங்கியது.

எழுதச் சொன்னது தங்கை. ஒரு மத்தியானம், அக்கா ஆபீசில் இருக்கும்போது வந்து, "அந்த ஆளோட என்னால சிரிக்க முடியாது ஆன்ட்டி. ஆனா அக்கா பதினாலு மாசம் அலைஞ்சிருக்கா, எப்படிச் சொல்றது? நீங்கதான் நல்லா எழுதுவீங்களே" என்று அழுதாள். [எங்களுக்குள் எட்டு வயதுதான் வித்தியாசம். ஆன்ட்டியாம்.] உட்கார்ந்தேன், எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் நான் எழுதிய படைப்பு அது ஒன்றுதான். வாசகரை உடனே எழுந்து நடக்க வைத்ததும் அதுதான்.* என் எழுத்து இடது பக்கம் சாயும்.

பழி அவர்மேல் விழும் என்று நாங்கள் இருவரும் நினைக்கவில்லை. விழுந்த பிறகு, இன்றைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு வருடம் போய்விட்டது. அவள் அவரிடம் பேசாதது கோபத்தில் இல்லை. முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவோம் என்ற பயத்தில். அவர்தான் பாவம், கோபம் என்றே நினைத்திருந்தார்.

* இதில் பெருமை தெரிகிறது என்றால், ஆமாம், கொஞ்சம் இருக்கிறது.

6

மறுபடியும் சுவர்.

"ஊசி போட்டுக்கிட்டீங்களா? எனக்குத் தெரியாம? விசாரணைக்கு முன்னாடியே சாட்சிக்கு மயக்க மருந்து குடுத்தாச்சா? யாரு கூட்டிட்டுப் போனது? இந்தக் கையோட நீங்க வண்டி ஓட்டியிருக்க முடியாது!"

அவர் என் பேரைச் சொல்லவில்லை. நான் அலமாரியைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்போ கேளு" என்றார். "கையைப் பிடிச்சுக்கிட்டே கேளு. அந்தக் கடுதாசியை நான் எழுதல."

"இந்தக் கையை வெச்சு நான் என்ன பண்றது? நனைஞ்சா பொய். காஞ்சா மருந்து."

"அப்போ நான் எப்பதான் உண்மை சொல்றது? சொல்லேன். நீயே ஒரு வழி சொல்லு."

குரல் உடைந்துவிட்டது. [இந்த இடத்தில் ஓர் உவமை எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவருக்கு அன்றைக்கு உவமை எதற்கு?]

அப்போதுதான் மூன்றாவது குரல்.

"அத்தான்."

நாலு வருடத்தில் முதல் தடவை.

"எத்தனை குத்து?"

"எண்பது."

"மரத்துப்போக ஏதாவது குடுத்தாங்களா?"

"ஐஸ் மட்டும்தான்."

"உள்ளங்கையில அது எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும். நான் விக்கிற மருந்து." அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அக்கா, அத்தான் எழுதல. நான்தான். எனக்கு அந்த ஆளைப் பிடிக்கல. உன்கிட்டச் சொல்லப் பயம். அத்தான்மேல பழி வந்தப்பவும் பயம்."

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. அவர்தான் முதலில் பேசினார். "ஏம்மா, ஒரு மூணு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா எண்பது ஊசி மிச்சமாகியிருக்குமே." தங்கைக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அப்புறம் மனைவி கேட்டாள்.

"அப்போ மத்ததெல்லாம்?"

"எது?"

"பூச்சாடி. ஃபோன். இத்தனை வருஷமா நீங்க ஒத்துக்கிட்டது."

"அதுல பாதி நான் பண்ணல."

"எந்தப் பாதி?"

"எனக்கே மறந்துபோச்சும்மா."

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். எந்தப் பத்திரிகைக்கும் இது போதும். ஆனால் அவள் பொய்யை வடிகட்டிச் சம்பளம் வாங்குகிறவள். மேசை இழுப்பறை திறக்கும் சத்தம். காகிதம் விரியும் சத்தம்.

"ஏய், இது உன் எழுத்து இல்லையேடி."

"இந்தக் கட்டிடத்துல இப்படி எழுதத் தெரிஞ்சவங்க ஒருத்தர்தானே இருக்காங்க?" செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டியது, கதவைத் தாண்டியது. பிறகு என் வீட்டு மணி அடித்தது.

7

முடிவு அ: நான் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தேன். மணி கேட்கவில்லை. [எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.]

முடிவு ஆ: கதவை அகலத் திறந்து, "ஆமாம், எழுதியவள் நானே!" என்று நிமிர்ந்து நின்றேன். மாடிப்படியில் கூடியிருந்தவர்கள்— [மாடிப்படியில் யாரும் இல்லை. என்னிடம் அந்த நிமிர்வும் இல்லை.]

நடந்தது இது. திறந்தேன். வாசலில் அக்கா. கையில் கடிதம், கண் சிவந்திருந்தது. ஒரு பேனாவை நீட்டி, "'நலம்விரும்பி'ன்னு ஒரு தடவை எழுதுங்க" என்றாள். எழுதினேன். எழுத்துகளை வலது பக்கம் சாய்த்து எழுதினேன், பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில்கூட அவ்வளவு சிரமப்பட்டதில்லை. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கையைக் குடுங்க."

கொடுத்தேன். பிடித்தாள். பிடித்தவள் என்ன நினைத்தாளோ, பாதியிலேயே விட்டுவிட்டாள். "வேணாம். நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதை நான் நம்புறேன்."

இதைவிட மோசமான சோதனை உலகத்தில் உண்டா? நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நாலு விதமாக எழுதிக் கிழித்துவிட்டேன். நாலில் எதைப் படித்தாலும் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள்.

அப்புறம் நடந்த நல்லது கெட்டது மட்டும் சொல்கிறேன். சிரிப்பு வசூல் மாப்பிள்ளைக்கு அதற்கு ரொம்ப முன்னாலேயே கல்யாணமாகிவிட்டது. வந்தவள் அவரைவிடச் சத்தமாகச் சிரிப்பாள், இரண்டு குழந்தைகள். தங்கை மறுவருடம் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். அக்காவிடம் நேரில், வாயைத் திறந்து சொல்லி. கல்யாணத்தில் கையெழுத்துப் போட்ட சாட்சி அத்தான்தான். பிறகு அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். நானோ அதற்கெல்லாம் முன்பே, அந்த ஞாயிற்றுக்கிழமை கழிந்து இரண்டு மாதத்திலேயே வீடு மாறிவிட்டேன். யாரும் துரத்தவில்லை என்று மட்டும் எழுதிவைக்கிறேன்.

அதனால் எனக்கு ஒன்று தெரியாமல் போய்விட்டது. ஆறு மாதத்துக்கு மேல் அந்த மருந்து தாங்காது. திரும்ப வியர்த்தபோது அவர் மறுபடி போய்க் குத்திக்கொண்டாரா, அல்லது ஈரக் கையோடு 'இல்லை' என்று சொன்னால் அவள் நம்பத் தொடங்கிவிட்டாளா? நான் விட்டுவந்த வீட்டில் இப்போது யாரோ குடியிருக்கிறீர்கள். படுக்கையறை, இடது பக்கச் சுவர், தரையிலிருந்து நாலரை அடி. சும்மா தூசி துடைக்கிற மாதிரி நின்று பாருங்கள். எனக்கு எழுதுங்கள், பேர் போட்டு.